முன்கூட்டிப் பிறந்த குழந்தையும் தாமதமாகும் மையலினும்: ஏற்பிகளைப் பற்றி ஒரு தாய்க்குப் பதில்

வாசகர் கடிதம்: என் மகள் 31-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். இப்போது அவளுக்கு 17 மாதம். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தனியாக நடக்கவில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘மையலின் உருவாக்கம் வயதுக்குச் சற்றுப் பின்தங்கியுள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். மரபணுப் பரிசோதனையில் ஓர் ஏற்பியின் மரபணுவில் ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ ஒன்று இருக்கிறதாம். அந்த ஏற்பி கிளியா செல்களின் வளர்ச்சிக்குத் தேவையானது என்று மருத்துவர் சொன்னார். அதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்பி என்றால் என்ன? கர்ப்ப காலத்தில் நான் செய்த ஏதோ ஒன்றால் இது வந்ததா? மூளையின் ஏற்பிகளைத் தூண்டும் என்று உறவினர் ஒருவர் வாங்கித் தந்த சொட்டு மருந்தைக் கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொட்டு மருந்தைக் கொடுக்க வேண்டாம். ஏன் என்று விளக்க, வளரும் மூளையில் ஏற்பிகள் என்ன வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு சிறு கணக்கு. 31 வாரத்தில் பிறந்த குழந்தை, நிறை மாதக் கணக்கான 40 வாரத்துக்கு 9 வாரம் முன்னால் வந்திருக்கிறாள். இரண்டு வயது வரை அந்த 9 வாரத்தைக் கழித்துவிட்டே, அதாவது ‘திருத்திய வயதை’ வைத்தே, அவளுடைய வளர்ச்சியை மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அவளுக்கு இப்போது ஏறத்தாழ 15 மாதம். பிடித்துக்கொண்டு நிற்கும் 15 மாதக் குழந்தையைப் பார்த்து எந்தக் குழந்தை மருத்துவரும் பதற மாட்டார். தனியாக நடக்க 18 மாதம் வரை எடுத்துக்கொள்ளும் ஆரோக்கியமான குழந்தைகள் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்துக்கும் இதே கணக்குதான். பிறப்பிலிருந்து இரண்டு வயதுக்குள் மூளையின் வெண்பொருள் (மையலின் என்ற கொழுப்புறை சுற்றப்படும் நரம்பிழைகள் நிறைந்த பகுதி), கீழிருந்து மேலாகவும் பின்னாலிருந்து முன்னாலாகவும் மாதத்துக்கு மாதம் தோற்றம் மாறிக்கொண்டே வரும் என்பதால், இரண்டு மாத வித்தியாசம் படத்தில் நன்றாகவே தெரியும். அறிக்கை எழுதிய கதிரியல் மருத்துவருக்கு 31 வாரம் என்ற தகவல் போய்ச் சேர்ந்ததா என்று தயவுசெய்து கேளுங்கள். கோரிக்கைச் சீட்டில் பிறந்த தேதியை மட்டும் எழுதி அனுப்பிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் கவனக்குறைவு.

இனி ஏற்பிக்கு வருவோம். ஏற்பி என்பது பெரும்பாலும் செல்லின் மேற்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். அதன் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மறுமுனை செல்லுக்குள் இருக்கும். வெளியிலிருந்து வரும் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு வெளிமுனையில் வந்து ஒட்டியதும் உள்முனையின் செயல் மாறுகிறது. அந்த மாற்றம் கைமாறிக் கைமாறி உட்கருவைச் சென்றடைந்து, சில மரபணுக்களை விழிக்கச் செய்கிறது, சிலவற்றை உறங்கச் செய்கிறது. இதற்குப் பூட்டும் சாவியும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் உவமை பாதியைத்தான் விளக்கும். எனக்குப் பள்ளிக்கூட மணிதான் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரே மணியைக் காலையில் அடித்தால் பிள்ளைகள் வகுப்புக்குள் ஓடுகிறார்கள், மாலையில் அடித்தால் வெளியே ஓடுகிறார்கள். மூளை வளர்ச்சியிலும் இப்படித்தான்: ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறது, அந்தச் செல் தன் வாழ்நாளில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பவையே கிடைத்த செய்தியின் பொருளைத் தீர்மானிக்கின்றன. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மூளை என்றாலே நியூரான், அதாவது நரம்புச் செல், என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. கிளியா உள்ளிட்ட மற்றச் செல்களும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் இருக்கின்றன. 1856-இல் ருடால்ஃப் விர்கோ இவற்றுக்கு ‘நரம்புப் பசை’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். இடத்தை நிரப்பும் வெறும் பசை என்ற அந்த எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. உண்மையில் கிளியாவில் ஆஸ்ட்ரோசைட்டுகள் நியூரான்களின் சுற்றுச்சூழலைப் பேணி நரம்பிணைப்புகள் உருவாக உதவுகின்றன. ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் நரம்பிழைகளின்மேல் மையலின் என்ற கொழுப்புறையைச் சுற்றுகின்றன. மைக்ரோகிளியா காவலும் துப்புரவும் பார்க்கின்றன. உங்கள் மகளின் அறிக்கை பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி.

இந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அழகான கதை. கருவின் மூளையில் உட்புறச் சுவரிலிருந்து வெளிப்புறம் வரை நீண்ட கம்பிபோல் நிற்கும் ஆரக் கிளியா என்ற தாய்ச் செல்கள் உண்டு. புதிய நியூரான்கள் பற்றி ஏறிச் செல்லும் ஏணி மட்டுமே இவை என்றுதான் முதலில் கருதினார்கள். அந்த நியூரான்களைப் பெற்றெடுப்பதே இவைதாம் என்று 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. ஒரு தாய்ச் செல் பிரிந்ததில் நியூரானாகிக்கொண்டிருக்கும் செல் தன் மேற்பரப்பில் டெல்ட்டா என்ற புரதத்தை ஏந்துகிறது. பக்கத்துச் செல்லின் நாட்ச் ஏற்பி அதைத் தொட்டு உணர்கிறது. உணர்ந்ததும் அந்த ஏற்பியின் உட்பகுதியே வெட்டுப்பட்டு, வேறு தூதுவரை நம்பாமல் தானே உட்கருவுக்குப் போய், ‘நீ இப்போது நியூரானாகாதே, தாய்ச் செல்லாகவே இரு’ என்று மரபணுக்களுக்கு ஆணையிடுகிறது. (ஏற்பியின் பெயர் பழ ஈயிலிருந்து வந்தது, இந்த மரபணு பழுதான ஈக்களின் சிறகோரத்தில் வெட்டு விழுந்திருக்கும்.) நாட்ச் இல்லாவிட்டால் தாய்ச் செல்கள் எல்லாம் அவசர அவசரமாக நியூரான்களாகித் தீர்ந்துபோகும், பிறகு கிளியாவை உண்டாக்க ஆளிருக்காது. கிளியா பின்னால் வருவது மூளைக்கு அவை இரண்டாம்பட்சம் என்பதால் அல்ல. அவற்றுக்கென்று தாய்ச் செல்கள் திட்டமிட்டே மிச்சம் வைக்கப்படுகின்றன.

நியூரான் போதும், இனி கிளியா என்று தாய்ச் செல்லுக்கு யார் சொல்வது? எலிகளில் கிடைத்த விடை இது: பிறந்து முடிந்த நியூரான்களே கார்டியோட்ரோஃபின்-1 போன்ற புரதங்களைச் சுரந்து, தாய்ச் செல்களின் மேலுள்ள ஓர் ஏற்பிக் குழுவைத் தட்டுகின்றன, உள்ளே ஸ்டாட்3 என்ற புரதம் விழித்து ஆஸ்ட்ரோசைட்டுக்கான மரபணுக்களை இயக்குகிறது. என்னைக் கவர்ந்தது இதற்கடுத்த கண்டுபிடிப்பு. கருவளர்ச்சியின் தொடக்கத்தில் இதே செய்தியைக் கொடுத்தாலும் தாய்ச் செல் ஆஸ்ட்ரோசைட்டாக மாறுவதில்லை, ஏனெனில் மரபணுவில் ஸ்டாட்3 போய் உட்கார வேண்டிய இடம் மெத்தில் குறிகள் என்ற சிறு வேதிக் குறிகளால் அடைக்கப்பட்டிருக்கிறது. செய்தியும் உண்டு, ஏற்பியும் உண்டு, ஆனால் நேரம் வரவில்லை. ‘ஏற்பியைத் தூண்டுகிறோம்’ என்று விற்பவர்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி இங்கேதான் இருக்கிறது: எந்தச் செல்லின் ஏற்பியை, எந்த வாரத்தில்?

மையலின் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒலிகோடென்ட்ரோசைட்டின் முன்னோடிச் செல்கள் பி.டி.ஜி.எஃப். ஆல்ஃபா என்ற ஏற்பியைத் தாங்கியிருக்கின்றன. ஆஸ்ட்ரோசைட்டுகளும் நியூரான்களும் தரும் வளர்ச்சிக் காரணியை அந்த ஏற்பி பற்றிக்கொள்ள, முன்னோடிகள் பிழைத்திருந்து பெருகி மூளையெங்கும் பரவுகின்றன. அந்தக் காரணி இல்லாத வளர்ப்பு ஊடகத்தில் அவை பிரிவதை நிறுத்திவிட்டு, போதிய எண்ணிக்கை சேருமுன்பே முதிர்ந்துவிடுகின்றன. மாறாக, அதை எஃப்.ஜி.எஃப். என்ற இன்னொரு காரணியுடன் சேர்த்து இடைவிடாமல் கொடுத்தால் முன்னோடிகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன, முதிர மறுக்கின்றன. அதாவது மையலின் உருவாவதில்லை. இயல்பான வளர்ச்சியில் உரிய நேரம் வந்ததும் முன்னோடிச் செல் இந்த ஏற்பியைத் தன் மேற்பரப்பிலிருந்து நீக்கிவிடுகிறது. தைராய்டு ஹார்மோன் உட்கருவிலுள்ள தன் ஏற்பியில் அமர்ந்து முதிர்ச்சிக்கு வழிவிடுகிறது. ஜி.பி.ஆர்.17 என்ற மற்றோர் ஏற்பியின் வேலையே முதிர்ச்சிக்குத் தடைக்கட்டை போடுவதுதான். ஆக, ஒரே செல்லில் இருக்கும் ஏற்பிகளில் சில முடுக்குகின்றன, சில தடுக்கின்றன. முடுக்கும் ஏற்பியே காலம் தவறினால் தடையாகிறது. சில மூளைக் கட்டிகளில் இதே பி.டி.ஜி.எஃப். ஆல்ஃபா ஏற்பியின் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஏற்பி அதிகம் வேலை செய்தால் நல்லது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு மிக முக்கியமானது. கர்ப்பத்தின் 23 முதல் 32 வாரம் வரை கருவின் வெண்பொருளில் பெரும்பான்மையாக இருப்பவை இன்னும் மையலின் சுற்றத் தொடங்காத முன்னோடிச் செல்கள். அந்தப் பருவத்தில் அவற்றின்மேல், நியூரான்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற பொருளை உணரும் ஆம்பா ஏற்பிகள் உண்டு. முதிர்ந்த மூளையின் பெரும்பாலான ஆம்பா ஏற்பிகளில், கால்சியம் உள்ளே நுழையாமல் தடுக்கும் ஒரு துணைப்பகுதி இருக்கும். இந்த இளம் செல்களில் அது குறைவு. இயல்பாக இருக்கும்வரை அதனால் கேடில்லை. முன்கூட்டிப் பிறந்த குழந்தையின் மூச்சும் இரத்த ஓட்டமும் ஏறி இறங்கி, மூளையில் ஆக்ஸிஜன் குறைந்து, குளூட்டமேட் தேங்கும்போது, அந்தத் திறந்த வழியாகக் கால்சியம் பாய்ந்து சில செல்கள் அழிகின்றன. அவற்றின் இடத்தை நிரப்ப வரும் முன்னோடிகள் பல முதிராமல் நின்றுவிடுகின்றன. குறைமாதக் குழந்தைகளின் மையலின் தாமதத்துக்கு இது நன்கு அறியப்பட்ட ஒரு காரணம். இதில் நீங்கள் உண்டதோ, நடந்ததோ, கவலைப்பட்டதோ எங்கும் வரவில்லை. மரபணு மாற்றத்தைப் பொறுத்தவரை, அது உங்களிடமிருந்தோ உங்கள் கணவரிடமிருந்தோ வந்திருக்கலாம், குழந்தையிடம் புதிதாகத் தோன்றியிருக்கலாம். எப்படியிருந்தாலும் அது எவருடைய செயலின் விளைவும் அல்ல.

மைக்ரோகிளியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மரபணு அறிக்கையைப் படிக்க அது உதவும். இவை மட்டும் மூளையின் தாய்ச் செல்களிலிருந்து பிறப்பதில்லை. கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து வந்து குடியேறுகின்றன, உயிர்பிழைத்திருக்க சி.எஸ்.எஃப்.1 ஏற்பியை நம்பியிருக்கின்றன. அந்த ஏற்பியின் மரபணுவில், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரு பிரதிகளும் பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே கடுமையான மூளைக் குறைபாடு வருகிறது. ஒரு பிரதி மட்டும் குறிப்பிட்ட வகையில் பழுதானால் நடுவயதில் வெண்பொருள் நோய் வரக்கூடும். அதே மரபணுவில் எந்தத் தீங்கும் செய்யாத மாற்றங்களும் உண்டு. ஆகவே ஓர் ஏற்பியின் மரபணுப் பெயர் அறிக்கையில் இருப்பதாலேயே நோய் என்று ஆகிவிடாது. எந்த மாற்றம், எத்தனை பிரதி என்பதே கேள்வி. உங்கள் கடிதத்திலிருந்த மரபணுவின் பெயரை நான் இங்கே குறிப்பிடாததற்கும் இதுவே காரணம். பெயரைப் பார்த்ததும் இணையத்தில் தேடி அஞ்சும் பெற்றோர் பலர்.

2015 முதல் பின்பற்றப்படும் நெறிமுறையின்படி மரபணு மாற்றங்களை ஐந்து தரமாகப் பிரிக்கிறார்கள்: நோய் தருவது, நோய் தரக்கூடியது, உறுதியாகாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. உங்கள் மகளுடையது நடுவில் நிற்கும் மூன்றாவது. இதன் பொருள் ‘சிறிதளவு நோய்’ என்பதன்று. எந்தப் பக்கமும் சாய்வதற்கு இன்னும் சான்று போதவில்லை என்பதே. இத்தகைய முடிவை வைத்துச் சிகிச்சையைத் தொடங்குவதோ மாற்றுவதோ கூடாது என்பது பொது விதி. பெற்றோர் இருவரின் மாதிரியையும் அதே ஆய்வகத்தில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஒரே பிரதி பழுதானாலே சிறுவயதில் வெளிப்படும் நோய் என்று கருதப்படும் மரபணுவில், நலமாக இருக்கும் தாயிடமோ தந்தையிடமோ அதே மாற்றம் இருந்தால் அது நோய்க்குக் காரணம் என்ற வாதம் பெரிதும் வலுவிழக்கும். இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் மட்டும் இருந்தால் மரபியல் ஆலோசகரோடு மேலும் பேச வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தை மறு மதிப்பீடு செய்யச் சொல்லிக் கேளுங்கள்; உறுதியாகாத மாற்றங்கள் பல, சான்று சேரச் சேரத் தீங்கற்றவை என்று இடம் மாறுகின்றன.

இப்போது கைவசம் உள்ள வேலைகள். முதலாவது தைராய்டு. மையலின் முதிர்ச்சியில் அதன் ஏற்பிக்கு உள்ள பங்கை மேலே சொன்னேன். குறைமாதக் குழந்தைகளில் சிலருக்குப் பிறந்தவுடன் செய்யும் பரிசோதனை இயல்பாக இருந்து, சில வாரங்களுக்குப் பிறகே குறைபாடு தெரியவரும், எனவே இரத்தத்தில் டி.எஸ்.எச்., தைராக்ஸின் என்ற ஹார்மோன்களின் அளவுகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வைட்டமின் பி12, இரும்புச் சத்து இரண்டையும் பாருங்கள். தாய்க்குப் பி12 குறைவாக இருந்து தாய்ப்பால் மட்டுமே அருந்திய குழந்தைகளுக்கு மையலின் பின்தங்குவதும், ஊசி போட்டதும் குழந்தை தேறுவதும் நாங்கள் அறிந்தவை. இவற்றில் ஏதேனும் குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வது எளிது. எந்த ஏற்பியையும் தனியாகத் தூண்ட வேண்டியதில்லை. செவியும் கண்ணும் சோதிக்கப்பட்டனவா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இயன்முறை சிகிச்சையைத் தொடருங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மையலின் முன்னோடிச் செல்கள் நியூரான்களிடமிருந்து நேரடியாக நரம்பிணைப்பு வழியே செய்தி பெறுகின்றன என்று 2000-இல் கண்டறிந்தார்கள்; நரம்பிழை சுறுசுறுப்பாக இயங்கும் இடத்தில் அந்த முன்னோடிகள் பெருகி மையலின் கூடுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். படிகள் ஒழுங்கற்ற ஒரு சக்கரத்தில் ஓடப் பழகுவதற்கு வளர்ந்த எலிகளுக்கும் புதிய ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் தேவைப்பட்டன. எலியில் கண்டதை அப்படியே குழந்தைக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் தரையில் விட்டு விளையாட வைப்பதும், பிடித்து நடக்க இடம் கொடுப்பதும், முகம் பார்த்துப் பேசுவதும் அந்தச் செல்களுக்கு உரிய நேரத்தில் உரிய செய்தியை அனுப்பும் வழி என்று எண்ண நியாயமிருக்கிறது. தவறான செல்லுக்குச் செய்தி போகும் ஆபத்தும் அதில் இல்லை.

சொட்டு மருந்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வளர்ச்சிக் காரணி என்ற பெயரில் புரதம் இருந்தால் அது வயிற்றில் செரிக்கப்பட்டுவிடும். தப்பித்து இரத்தத்தில் கலந்தாலும் மூளையின் இரத்தத் தடுப்பைத் தாண்டாது. உண்மையிலேயே மூளைக்குள் போய் ஏற்பிகளில் ஒட்டும் பொருள் எதுவும் இருந்தால் அது இன்னும் கவலைக்குரியது, ஏனெனில் அது எந்த ஏற்பியில் ஒட்டும் என்பதை எவரும் சோதித்திருக்க மாட்டார்கள். பழைய ஒவ்வாமை மருந்தான கிளெமாஸ்டின், மையலின் முன்னோடிகளின் மஸ்கரினிக் ஏற்பியை அடைத்து முதிர்ச்சியை ஊக்குவிக்கிறது என்று ஆய்வகத்தில் கண்டு, மையலின் சிதையும் நோயான மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் உள்ள பெரியவர்களிடம் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி செல்லும் வேகத்தில் சிறு முன்னேற்றம் தெரிந்தது, களைப்பும் கூடியது. முறையாக ஆராயப்பட்ட ஒரு மருந்தின் நிலையே இது. அதையும் உங்கள் மகளுக்கு யாரும் எழுதித்தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது அணுகினாலும் இதே பதில்தான்.

அடுத்த எம்.ஆர்.ஐ. படத்துக்கு அவசரப்பட வேண்டாம். இந்த வயதில் படமெடுக்க மயக்க மருந்து வேண்டியிருக்கும். ஒற்றைப் படத்தை வைத்துத் தாமதமா, நிரந்தரக் குறைவா என்று சொல்வது கடினம். குறைந்தது ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரு படங்களை ஒப்பிட்டு, இடையில் மையலின் முன்னேறியிருக்கிறதா என்று பார்ப்பதே முறை. குழந்தை தொடர்ந்து புதியவற்றைக் கற்றுக்கொண்டிருந்தால், திருத்திய வயது இரண்டைக் கடந்தபின் இரண்டாவது படம் எடுத்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் கற்றதை மறந்தாலோ, வலிப்பு வந்தாலோ, கண்கள் தாமாக ஆடினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் படத்தின் குறுந்தகட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். ஒப்பிடுவதற்கு அறிக்கையின் வாசகம் போதாது, படமே வேண்டும். அதன் உறைமேல் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் ‘31 வாரம்’ என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.